வாசால் என்ற கட்டடக்கலைஞரும் இடிக்காமல் விட்ட கட்டடங்களும்

பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் வேலைக்கு எஸ்டிமேட் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இடிப்பதற்கென்று அதில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். “பழைய கட்டடத்தை இடித்துக் கழிவை அப்புறப்படுத்த, மொத்தமாக” என்று எழுதிப் பக்கத்தில் ஒரு தொகையைப் போட்டுவிடுவோம். செங்கல்லுக்கு எண்ணிக்கை, கம்பிக்குக் கிலோ, படிக்கட்டுக் கைப்பிடிக்குக்கூட அடிக்கணக்கு உண்டு. இடிப்புக்கு மட்டும் மொத்தமாக. நானும் வருஷக்கணக்காக அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு முறை மெட்ராஸ் டெரஸ் போட்ட வீடு ஒன்றை இடிக்க எழுதிக் கொடுத்தேன். தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்பு வைத்து அடுக்கிய தளம். மூன்று நாளில் முடித்துத் தருகிறேன் என்றவர் பதினோரு நாள் எடுத்துக்கொண்டார். கடப்பாரை தளத்தில் பட்டுப் பட்டுத் துள்ளித் திரும்பியது. நாலாம் நாள் சாயங்காலம் டீயைக் குடித்துக்கொண்டே, “சார், இது விழமாட்டேங்குது, எதுக்கு இடிக்கிறோம்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்காரருக்கு எலிவேஷன், அதாவது வெளித்தோற்றம், பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்கப்புறம்தான் பிரான்ஸில் இருக்கும் ஒரு சின்ன நிறுவனத்தைப் பற்றி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். லகாத்தோன் – வாசால். ஆன் லகாத்தோன், ஜான் ஃபிலிப் வாசால் என்ற இருவர் 1987இல் போர்தோ நகரத்தில் தொடங்கியது. 2000இல் பாரிஸுக்குப் போனார்கள், இப்போது பாரிஸை ஒட்டிய மோந்த்ரேயில். கட்டடக்கலையில் எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் பிரிட்ஸ்கர் பரிசு 2021இல் இவர்களுக்குக் கிடைத்தபோது, கட்டி முடித்த வேலைகள் முப்பதுக்குச் சற்று மேல். 34 வருஷத்துக்கு அது குறைவுதான். (வாசல் என்றே எழுதிவிடலாம் என்று கை துறுதுறுத்தது; கட்டடம் கட்டுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? உச்சரிப்புக்காகத்தான் ஒரு கால் போட்டிருக்கிறேன்.)

எல்லா ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களும் தங்களைப் பற்றிய அறிமுகத்தில் விழுமியங்கள் என்று ஒரு பத்தி எழுதும். இயற்கையோடு இயைந்த, மனிதரை மையமாகக் கொண்ட, என்று அது போகும். நானும் எழுதியிருக்கிறேன். யாரும் அதைப் படிப்பதில்லை, எழுதினவர் உட்பட. ஓர் அலுவலகத்தின் விழுமியத்தைத் தெரிந்துகொள்ள அதன் எஸ்டிமேட்டைத்தான் பார்க்க வேண்டும்: எந்த வரியில் காசைப் பிடிக்கிறார்கள், பிடித்த காசை எந்த வரியில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். இவர்கள் கதையை அந்தக் கண்ணோடுதான் இங்கே சொல்லப்போகிறேன்.

நைஜரில் ஒரு குடிசை

வாசால் 1954இல் மொராக்கோவின் காசாபிளாங்காவில் பிறந்தவர். லகாத்தோன் அடுத்த வருஷம், பிரான்ஸின் தென்மேற்கில் ஒரு சிற்றூரில். இரண்டு பேரும் போர்தோ கட்டடக்கலைப் பள்ளியில் சேர்ந்து படித்து 1980இல் வெளியே வந்தார்கள். வாசால் உடனே மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டுக்கு நகரமைப்பு வேலைக்குப் போய்விட்டார், லகாத்தோன் அடிக்கடி அங்கே போய்வந்தார். உலகத்திலேயே மிக ஏழை நாடுகளில் ஒன்று அது. கையில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமலே அந்த மக்கள் எல்லாவற்றையும் செய்துகொள்வதைப் பார்த்தது தனக்கு இரண்டாவது கட்டடக்கலைப் பள்ளி என்று வாசால் பின்னால் சொல்லியிருக்கிறார்.

1984இல் நியாமே நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு மணல்மேட்டில், நைஜர் ஆறு தெரிகிற மாதிரி, ஒரு குடிசை போட்டார்கள். இடம் தேட ஆறு மாதம். கட்ட, பக்கத்தில் கிடைத்த கிளையையும் வைக்கோலையும் வைத்துச் சில நாட்கள். இரண்டு வருஷத்துக்குள் காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. இந்தக் குடிசையைப் பற்றி எழுதுகிறவர்கள் கொஞ்சம் கவிதையாக எழுதிவிடுவார்கள், எனக்கு அந்த ஆறு மாதம்தான் முக்கியமாகப் படுகிறது. நம் பக்கம் மனை வாங்கிய மறுநாள் பிளான் கேட்பார்கள், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு நாள் கேட்டால்கூட, “வாஸ்துக்காரரே பார்த்துட்டார் சார்” என்பார்கள். இவர்கள் ஆறு மாதம் செலவழித்தது கட்டுவதற்கு அல்ல, எங்கே கட்டினால் குறைவாகக் கட்டினால் போதும் என்று கண்டுபிடிப்பதற்கு.

பசுமைக்குடிலும் ஒரு குடும்பமும்

நிறுவனத்தின் அடையாளம் உண்டானது ஒரு சின்ன வீட்டில். போர்தோவை ஒட்டிய ஃப்ளுவாராக் என்ற ஊரில், 1993இல், கணவன் மனைவி இரண்டு குழந்தைகள் கொண்ட ஒரு குடும்பத்துக்குக் கட்டிய லதாப்பி வீடு. குடும்பத்திடம் இருந்த காசு கொஞ்சம்தான். அப்போது ஃபிராங்க் காலம். யூரோவில் சொன்னால் ஏறக்குறைய 55,000. அந்தக் காசுக்கு வழக்கமாகக் கிடைப்பது நெருக்கமான ஒரு சின்ன வீடு. இவர்கள் கொடுத்தது 185 சதுர மீட்டர், நம் கணக்கில் 2,000 சதுரடிக்குக் கொஞ்சம் குறைவு.

எப்படி? இங்கேதான் எஸ்டிமேட்டைப் பார்க்க வேண்டும். பிரான்ஸில் தக்காளி, பூ வளர்க்கிறவர்கள் பெரிய பெரிய பசுமைக்குடில்கள் போடுவார்கள். அதற்கான இரும்புச் சட்டம், பாலிகார்பனேட் தகடு எல்லாம் தொழிற்சாலையில் மொத்தமொத்தமாகச் செய்வது, அதனால் மலிவு. வீட்டுக்கென்று தனியாக எதையும் செய்யச் சொல்லாமல், இந்த விவசாயச் சாமானை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெரிய இரும்புச் சட்டம். தெருப்பக்கப் பாதி சிமெண்ட் ஃபைபர் தகடு போர்த்தியது, அதற்குள் மரத்தால் ஆன, குளிர் தாங்கும் அறைகள். கொல்லைப்பக்கப் பாதி முழுக்க ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட். இரண்டுக்கும் நடுவில் மடித்துத் திறக்கிற கதவுகள். குளிர் காலத்தில் குடும்பம் உள்பாதிக்குள் ஒதுங்கிக்கொள்ளும். வெயில் வந்துவிட்டால் கதவுகளை மடித்துத் தள்ளிவிட்டு, சாப்பாட்டு மேஜை, குழந்தைகளின் சாமான் எல்லாம் வெளிப்பாதிக்கு நகரும். வீட்டின் அளவு பருவத்துக்குப் பருவம் மாறும்.

அந்த ஒளிபுகும் பாதிக்கு ஹீட்டர் கிடையாது. பூட்டிய காரை வெயிலில் நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே ஒரு சூடு, அதே விஷயம்தான் அங்கே வேலை செய்கிறது. வெயில் தகட்டின் வழியாக உள்ளே வந்துவிடுகிறது, தரையையும் சாமானையும் சூடாக்குகிறது, அந்தச் சூடு அதே வழியாகச் சுலபத்தில் வெளியே போக முடிவதில்லை. நமக்கு எரிச்சல், பிப்ரவரி மாத பிரான்ஸுக்கு இலவச ஹீட்டர். கோடையில் அடைபடாமல் இருக்க மேலேயும் பக்கத்திலும் திறப்புகள். ஃபிரெஞ்சில் இந்த இடத்துக்குக் குளிர்காலத் தோட்டம் என்று பெயர், நான் கண்ணாடித் திண்ணை என்றே சொல்லிக்கொள்கிறேன். வீட்டுக்கு உள்ளேயும் இல்லாத, தெருவிலும் இல்லாத ஒரு இடம் நம்மிடம் இருந்ததுதானே. அதைத்தான் நாம் பைக் நிறுத்துவதற்காக இடித்தோம்.

இவர்களின் பேச்சில் ஆடம்பரம் என்ற சொல் அடிக்கடி வரும். சலவைக்கல், பித்தளைக் கைப்பிடி எதுவும் ஆடம்பரம் கிடையாது. தேவைக்கு மேல் இருக்கும் இடம்தான் ஆடம்பரம். பூச்சில் குறைத்து, சாமானில் குறைத்து, மிச்சம் பிடித்த ஒவ்வொரு ஃபிராங்கையும் சதுர மீட்டராக மாற்றினார்கள். பின்னால் செய்த எல்லாமே இந்த ஒரு கணக்கின் பெருக்கல்தான்.

1998இல் ஆர்காஷோன் விரிகுடாவின் கரையில், கேப் ஃபெரே என்ற இடத்தில் ஒரு வீடு. மனையில் 46 பைன் மரங்கள். ஒன்றையும் வெட்டவில்லை. மண்ணை மட்டப்படுத்தவும் இல்லை. மெல்லிய இரும்புக் கால்களில் வீட்டைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தினார்கள், ஆறு மரங்கள் வீட்டின் தரையையும் கூரையையும் துளைத்துக்கொண்டு மேலே போகின்றன. மரம் காற்றில் ஆடுமே, கூரை கிழியாதா? மரத்தைச் சுற்றி நெகிழ்கிற ரப்பர்ப் பட்டை வைத்து, மரத்தோடு சேர்ந்து அதுவும் அசைகிற மாதிரி செய்திருக்கிறார்கள். வெட்டியிருந்தால் ஒரு நாள் வேலை. இந்தப் பட்டையை யோசிக்க எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பாதியில் நின்ற அரண்மனை

பாரிஸில் பலே த டோக்கியோ என்று ஒரு கட்டடம், 1937 உலகக் கண்காட்சிக்குக் கட்டியது. 1990களில் அதைச் சினிமாவுக்கான மாளிகையாக மாற்றும் திட்டம் ஒன்று பாதியில் நின்றுபோனது. உள் சுவர், பூச்சு எல்லாம் பெயர்த்தெடுத்த நிலையில், காங்கிரீட் எலும்புக்கூடு மட்டும் தெரிய அது கிடந்தது. அங்கே சமகாலக் கலைக்கான ஒரு இடம் வேண்டும் என்று வந்தபோது கையில் இருந்தது 30 லட்சம் யூரோ அளவுதான். ஓர் அருங்காட்சியகத்துக்கு அது சில்லறை.

லகாத்தோனும் வாசாலும் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெயர்ந்த சுவரை அப்படியே விட்டுவிடலாம் என்றார்கள். தளம் தாங்குமா, தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்கிறதா, மின்சாரம், வெப்பம், கழிப்பறை, ஏறி இறங்க வசதி. காசு முழுக்க இதற்கே போனது. பூச்சுக்கு ஒன்றும் கிடையாது. மராக்கேஷ் நகரத்தில் ஜமா எல் ஃப்னா என்றொரு பெரிய மைதானம் இருக்கிறது; காலையில் ஏறக்குறைய காலி, சாயங்காலமானால் கதை சொல்கிறவர், சாப்பாட்டுக் கடை, பாட்டு என்று நிறைந்துவிடும், ராத்திரிக்குப் பிறகு மறுபடி காலி. அந்த மாதிரி, யார் வந்து எதைச் செய்தாலும் இடம் கொடுக்கிற ஒரு உள்மைதானம் என்று நினைத்தார்கள். முதல் பகுதி வேலை 2001இல் முடிந்தது. அது ஓடியதைப் பார்த்துத்தான் 2012இல் கீழ்த்தளங்களையும் இவர்களையே வைத்துத் திறந்தார்கள், இப்போது மொத்தம் 20,000 சதுர மீட்டருக்கு மேல்.

எனக்கு இதில் ஒரு சின்னச் சந்தேகம் உண்டு. பெயர்ந்த சுவர் கலைக்கூடத்தில் அழகு. ஏழை வீட்டில் அது பெயர்ந்த சுவர் மட்டுமே. பூசாமல் விடுவதை ஒரு ஃபேஷனாக்கிப் பல காபிக்கடைகள் இன்று பூசிய சுவரைக் கொத்திவிட்டு உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் பழியை இவர்கள் தலையில் போட முடியாது. காசில்லாததால் விட்டது வேறு, காசு கொடுத்துக் கொத்தியது வேறு.

கோபுரத்தை இடிப்பதா, வேண்டாமா

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2003இல் பிரான்ஸ் அரசு நகரப் புதுப்பிப்புச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. 1960, 70களில் ஊர் எல்லைகளில் எழுப்பிய அடுக்குமாடி வாடகைக் குடியிருப்புகள், நம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அவற்றில் 2 லட்சம் வீடுகளை இடித்துவிட்டு அதே அளவு புதிதாகக் கட்டுவது திட்டம். கலவரம், போதைப்பொருள், வேலையின்மை என்று எதைச் சொன்னாலும் தொலைக்காட்சியில் அந்தக் கோபுரங்களைத்தான் காட்டுவார்கள். வெடி வைத்துத் தகர்ப்பதும் நல்ல காட்சி.

லகாத்தோனும் வாசாலும் ஃப்ரெடெரிக் ட்ருவோ என்ற இன்னொரு கட்டடக்கலைஞரோடு சேர்ந்து 2004இல் ஓர் ஆய்வைக் கொண்டுவந்தார்கள். பெயர் “ப்ளுஸ்”. கூட்டல், அதிகம் என்று இரண்டு அர்த்தமும் உண்டு. இடித்துக் கட்டுகிற செலவையும், இருப்பதை வைத்துக்கொண்டு பெரிதாக்குகிற செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். எஸ்டிமேட்டில் அந்த “மொத்தமாக” என்ற வரியைப் பிரித்து எழுதியதுதான் அவர்கள் செய்தது என்பேன். இடிக்கிற காலத்தில் குடும்பங்கள் எங்கே போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்ன ஆகும், ஏற்கெனவே வார்த்துக் காய்ந்து நாற்பது வருஷம் நின்ற காங்கிரீட்டின் விலை என்ன, திரும்பக் கட்டும்போது வீடு பெரிதாகுமா சிறிதாகுமா. இடிக்காதே, எடுத்தெறியாதே, சேர், உருமாற்று, திரும்பப் பயன்படுத்து என்று அவர்கள் பின்னாளில் சொன்னது எல்லோருக்கும் தெரிந்த வாசகமாகிவிட்டது. கணக்கு முந்தி வந்தது, வாசகம் பிந்தித்தான். இடிப்பது ஒரு வன்முறை என்றே லகாத்தோன் சொல்லியிருக்கிறார்.

அறிக்கை எழுதுவது சுலபம். செய்துகாட்ட ஒரு கோபுரம் கிடைத்தது. பாரிஸின் வடக்கு ஓரம், 17ஆம் வட்டாரம், சுற்றுச்சாலையை ஒட்டி நின்ற புவா ல ப்ரெத்ர் கோபுரம். ரேமோன் லோபேஸ் என்பவர் வடிவமைத்தது, 1960களின் தொடக்கம், 50 மீட்டர் உயரம், 96 வீடுகள். இடையில் ஒரு தடவை சீரமைப்பு என்ற பெயரில் வெளியே தகடு அடித்து ஜன்னல்களைச் சுருக்கியிருந்தார்கள், வீடுகள் இருண்டுவிட்டன. 2005இல் வைத்த போட்டியில் ட்ருவோவும் இவர்களும் வென்றார்கள்.

யோசனை ஒரு குழந்தைக்குப் புரியும். சின்ன ஜன்னல் வைத்த பழைய முகப்பைக் கழற்று. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிக் கதவு வை. அதற்கு வெளியே, தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்த கூடுகளைத் தரையிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு. அவை தங்கள் பாரத்தைத் தாங்களே தாங்கி நிற்கும். ஒவ்வொரு கூட்டிலும் 2 மீட்டர் அகலக் கண்ணாடித் திண்ணை, அதைத் தாண்டி 1 மீட்டர் பால்கனி. வேலை நடந்தபோது குடியிருந்தவர்கள் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள்.

8,900 சதுர மீட்டராக இருந்த கோபுரம் 12,460 ஆனது. பொதுப் பகுதியையும் சேர்த்துத்தான் இது. இருந்தாலும் 96ஆல் வகுத்துப் பாருங்கள், வீட்டுக்கு 37 சதுர மீட்டர், ஏறக்குறைய 400 சதுரடி கூடுதல். நம் ஊரில் 400 சதுரடியில் ஒரு குடும்பமே வாழ்கிறது. செலவு 1.1 கோடி யூரோவை ஒட்டி. இடித்துக் கட்டியிருந்தால் 2 கோடியைத் தொட்டிருக்கும் என்று கணக்கு. வீட்டைச் சூடாக்கும் எரிசக்தியும் பாதியாகக் குறையும் என்று போட்டிருந்தார்கள், கண்ணாடித் திண்ணை ஒரு காற்று மெத்தை மாதிரி நடுவில் நிற்கிறதே. 2011இல் வேலை முடிந்தது, அந்த வருஷமே பிரான்ஸில் வெள்ளி மூலைமட்டம் என்ற பரிசு இதற்குக் கிடைத்தது. கொத்தனாரின் மூலைமட்டத்தின் பேரில் ஒரு பரிசு இருப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு நாள்

அடுத்தது இன்னும் பெரிது. போர்தோவில் கிராண்ட் பார்க் குடியிருப்பு, 1960களின் தொடக்கத்தில் எழுந்தது. ஜி, எச், ஐ என்று எழுத்துகளே பெயராக உள்ள மூன்று நீளமான கட்டடங்கள், 10 முதல் 15 மாடி, 530 வீடுகள். ட்ருவோவும் கிறிஸ்தோஃப் யுத்தேன் என்பவரும் கூட்டு. வேலை முடிந்தது 2017.

வேலைக்காரர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்து வெளியேற 12 முதல் 16 நாள். அந்த நாட்களைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். முதலில் வெளியே, கிரேன் ஒரு வார்த்த காங்கிரீட் ஸ்லாபைத் தூக்கிக்கொண்டு வருகிறது. உங்கள் ஜன்னலுக்கு வெளியே அதுவரை வெறும் காற்றாக இருந்த இடத்தில் அதை வைக்கிறது. அரை நாள் வேலை. அப்புறம் பழைய முகப்பு. ஜன்னலுக்குக் கீழே இடுப்பளவு இருந்த சுவரை அறுத்து எடுக்கிறார்கள். தூசு, சத்தம், உள்ளே சாமானை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி மூடி வைத்திருக்க வேண்டும். அடுத்து, அந்த ஓட்டையில் நகரும் கண்ணாடிக் கதவு. பிறகு வெளித் திண்ணைக்கான ஒளிபுகும் தகடுகள், திரைகள். கடைசியில் உள்ளே குளியலறை, குழாய், வயரிங், இதற்குத்தான் நாள் அதிகம். ராத்திரி நீங்கள் உங்கள் கட்டிலில்தான் தூங்குகிறீர்கள். எல்லாம் முடிந்ததும், ஐம்பது வருஷத்துக்கு மேல் ஜன்னல் இருந்த இடத்தில் ஒரு கதவு; அதைத் தள்ளினால் 3.8 மீட்டர் ஆழத்துக்கு ஓர் இடம். சாய்வு நாற்காலி போடலாம், துணி காயப்போடலாம், சைக்கிள் நிறுத்தலாம், தக்காளிச் செடி வைக்கலாம். என்ன செய்ய வேண்டும் என்று ஆர்க்கிடெக்ட் சொல்லவே இல்லை.

சில வீடுகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆயின. ஒரு குடும்பமும் வெளியேற்றப்படவில்லை. இடித்துக் கட்டுவதற்கு ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்கில் முடிந்தது. 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மீஸ் வான் டெர் ரோ பரிசு வந்தது. அதற்கு அடுத்த வருஷம் ஊரடங்கு; பிரான்ஸ் முழுக்க ஜனங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, வாடகைக் குடியிருப்பில் இந்த 3.8 மீட்டர் இருந்தவர்களுக்கு அதன் மதிப்பை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

என் பழைய பேராசிரியர் யாராவது இந்தக் கட்டடத்தின் படத்தைப் பார்த்தால், “இதில் டிசைன் எங்கே?” என்றுதான் கேட்பார். நியாயமான கேள்வி. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி கட்டம் கட்டமாக, சாரம் கட்டிப் பிரிக்க மறந்த மாதிரிகூட இருக்கும். சமச்சீர், அழகான மூலை, நினைவில் நிற்கும் ஒரு வளைவு எதுவும் கிடையாது. அந்தக் காசும் உள்ளே போய்விட்டது. இவர்கள் ஒரு வேலையை உள்ளேயிருந்து, ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிற ஆளிலிருந்து தொடங்குகிறவர்கள். எலிவேஷன் பிடிக்கவில்லை என்று ஒரு வீட்டை இடித்த நான் இதைச் சொல்வது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

புதிதாகக் கட்டும்போதும் புத்தி அதேதான். நாந்த் நகரத்தில் லுவார் ஆற்றங்கரையில் 2009இல் முடித்த கட்டடக்கலைப் பள்ளியில், கேட்ட இடத்தைவிட நிறையக் கொடுத்தார்கள், எதற்கென்று பெயர் வைக்காத இடம் அது. தெருவிலிருந்து மொட்டை மாடி வரை ஒரு அகலமான சாய்தளம் ஏறுகிறது. டன்கிர்க்கில் பழைய கப்பல் கட்டும் பட்டறை ஒன்றை 2013இல் கலைச் சேகரிப்புக்கான இடமாக மாற்றச் சொன்னார்கள். அந்தப் பிரம்மாண்டமான வெற்றிடத்தைத் தளம் தளமாக நிரப்ப மனசு வரவில்லை. பக்கத்திலேயே அதே அளவில், அதே வடிவத்தில், ஒளிபுகும் தோலோடு ஓர் இரட்டைப் பிள்ளையைக் கட்டி, தேவையான அறைகளை அதில் வைத்துவிட்டு, பழையதைக் காலியாக விட்டார்கள்.

ஒத்துவராத இடங்கள்

இதையெல்லாம் படித்துவிட்டு உற்சாகத்தில் நம் ஊரில் கண்ணாடித் திண்ணை போடக் கிளம்பிவிடாதீர்கள். மே மாதம் மேற்குப் பார்த்த ஒரு பாலிகார்பனேட் அறையில் அப்பளம் காயப்போடலாம், உட்கார முடியாது. நமக்கு வேண்டியது வெயிலைப் பிடித்து வைக்கிற திண்ணை கிடையாது, துரத்துகிற தாழ்வாரம். இரும்புச் சட்டம் அதேதான், போர்த்துவது மட்டும் வேறு: கண்ணாடிக்குப் பதில் ஓடு, தட்டி, செடி.

அதைவிடப் பெரிய சிக்கல் காங்கிரீட். இவர்கள் கைவைத்த கட்டடங்களின் எலும்பு நன்றாக இருந்தது, அதனால்தான் கணக்கு நின்றது. கடலோரக் காற்றில் கம்பி துருப்பிடித்து ஊதி, தளத்தின் அடிப்பூச்சு சாப்பாட்டுத் தட்டில் விழுகிற குடியிருப்பில் போய் நான் இடிக்காதே என்று கொடி பிடிக்கமாட்டேன். அங்கே முதலில் கேட்க வேண்டியது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை. ஆனால் கேட்கிறோமா என்பதுதான் விஷயம். பெரும்பாலும் முடிவு எடுத்த பிறகுதான் அவரைக் கூப்பிடுகிறோம், சான்றிதழில் கையெழுத்துப் போட.

இன்னொன்று, பாரிஸ் கோபுரம், கிராண்ட் பார்க் இரண்டிலும், ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் ஒரே ஆள், ஒரு பொது வாடகை நிறுவனம். ஒரு மேஜையில் பேசி முடிக்கலாம். வீட்டுக்கு வீடு உரிமையாளர் வேறாக இருக்கிற இடத்தில், 96 பேரில் ஒருவர் ஸ்லாப் வேண்டாம் என்றால் அவருக்கு மேலே இருப்பவரின் திண்ணை எதன் மேல் நிற்கும்?

நிறுவனம் சின்னதாகவே இருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய குடியிருப்பு வேலைகளில் ட்ருவோ, யுத்தேன் என்று வேறு பெயர்கள் கூடவே வருகின்றன, பரிசிலும் வருகின்றன. ஆளைச் சேர்த்து அலுவலகத்தைப் பெருக்காமல், வேலை பெரிதானால் இன்னொரு சின்ன அலுவலகத்தோடு கைகோத்துக்கொள்வது இவர்கள் வழக்கம். பெரிய அலுவலகத்துக்கு மாசம் பிறந்தால் சம்பளம் கொடுக்க வேண்டும், சம்பளம் கொடுக்க வேலை வேண்டும், வந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதைச் சொல்ல முடிந்ததற்கு ஒரு உதாரணத்தைக் கடைசிக்கு என்று வைத்திருந்தேன்.

1996. போர்தோ நகராட்சி தன் சதுக்கங்களை அழகுபடுத்திக்கொண்டிருந்தது. லெயோன் ஒக்கோக் என்ற சின்ன முக்கோணச் சதுக்கம் இவர்களுக்கு வந்தது. சுற்றிலும் சாதாரண வீடுகள், நடுவில் மரங்கள், பெஞ்சுகள், பெரியவர்கள் இரும்புக் குண்டை உருட்டி விளையாடுகிற பெத்தாங்க் களம். திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து பார்த்தார்கள், அங்கே இருப்பவர்களிடம் பேசினார்கள். இதில் எதை அழகுபடுத்துவது? நகராட்சிக்கு அவர்கள் கொடுத்த திட்டம்: சரளைக்கல்லை மாற்றுங்கள், அங்கே நிற்கும் லிண்டன் மரங்களுக்கு வைத்தியம் பாருங்கள், வண்டி போகிற வழியைக் கொஞ்சம் திருத்துங்கள், அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். புது பெஞ்ச் கிடையாது, நீரூற்று கிடையாது, விளக்குத்தூண் கிடையாது. நகராட்சியும் சரி என்றது.

ஆர்க்கிடெக்டின் கட்டணம் வழக்கமாக வேலைச் செலவில் இத்தனை சதவீதம் என்றுதான் வரும். சரளைக்கல்லில் எத்தனை சதவீதம் எடுப்பது? ரிப்பன் வெட்டவும் அங்கே ஒன்றுமில்லை. மரங்கள் அதே மரங்கள், பெஞ்சுகள் அதே பெஞ்சுகள், குண்டு உருட்டுகிறவர்கள் புதுச் சரளையில் தொடர்ந்து உருட்டிக்கொண்டிருந்தார்கள்.